தென்னை மட்டும் அக்காவுக்கு



"இந்தோனேசியக் கிராமத்தில் வாழ்வும் சொத்தும்" என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறீர்கள். எனக்கு அது கொஞ்சம் பெரிய சட்டை. நான் ஒரு தென்னை மரத்தைப் பற்றிப் பேசத்தான் வந்தேன். மற்றதெல்லாம் அந்த மரத்தைச் சுற்றி வரும்.

ஜாவாத் தீவின் நடுப்பகுதியில் யோக்யகர்த்தா. நகரத்துக்கு வடக்கே ஸ்லெமான் மாவட்டம். அங்கே ஓர் ஊரில் சில மாதம் வாடகைக்கு அறை எடுத்துத் தங்கியிருந்தேன். முன்வாசலில் நின்றால் நெல் வயல், பின்வாசலில் நின்றால் நாலு மாடி மாணவர் விடுதி. அந்த வீட்டு முற்றத்தில் மூன்று தென்னை. இரண்டில் விழும் காயை வீட்டுக்கார அம்மா எடுத்துச் சமையலுக்கு வைத்துக்கொள்வார். கிணற்றடித் தென்னையில் விழுந்ததை மட்டும் தொடமாட்டார். சுவரோரம் அடுக்கி வைப்பார். மாதம் ஒருமுறை அவருடைய அக்கா பக்கத்து ஊரிலிருந்து ஸ்கூட்டரில் வந்து சாக்கில் கட்டிக்கொண்டு போவார்.

"மண் என்னுடையது, அந்த மரம் அக்காவுடையது" என்றார் வீட்டுக்கார அம்மா. தாய் இறந்தபோது அப்படிப் பிரித்துக்கொண்டார்களாம். வேறொருவர் மண்ணில் நிற்கும் மரம் தனிச் சொத்தாக இருக்க முடியுமா என்று நான் கேட்டதை அவர் வேடிக்கையாகப் பார்த்தார். அந்த ஊர் வழக்காற்றுச் சட்டத்தில், அதாவது அடாட் என்று அவர்கள் சொல்வதில், நிலம் வேறு, நிலத்தின் மேல் நிற்பது வேறு. மரம் ஒருவருக்கு, வீடு ஒருவருக்கு, மண் ஒருவருக்கு என்று இருக்கலாம். பழைய மர வீடுகளைக் கழற்றி மாட்டுவண்டியில் ஏற்றி அடுத்த ஊரில் நிறுத்திய காலம் உண்டு. வீடே அசையும் சொத்தாக இருந்த இடத்தில் தென்னை எம்மாத்திரம்?

இந்த மாதிரி ஊர்களுக்கு ஒரு பெயர் உண்டு. புவியியலாளர் டெரி மெக்கீ 1991இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு உலகம் முழுவதும் 'தேசாகோத்தா' என்கிறார்கள். இந்தோனேசிய மொழியில் தேசா கிராமம், கோத்தா நகரம். கோத்தாவும் நம் கோட்டையும் உறவுக்காரச் சொற்கள்தான். முதலீட்டுக்கு அவர்கள் சொல்லும் 'மோடால்' நம் முதல். 'கப்பால்' நம் கப்பல். வியாபாரிகள் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த சொற்கள். மெக்கீ சொன்ன விஷயம் இதுதான்: ஆசியாவில் நகரம் கிராமத்தைத் தள்ளிவிட்டு வளர்வதில்லை, அடர்த்தியான நெல் நாட்டின் உள்ளேயே முளைக்கிறது. காலையில் நாற்று நடுகிறவர் மாலையில் மாணவர்களுக்கு வறுத்த சோறு விற்கிறார். எனக்கு வாடகைக்கு விட்ட குடும்பத்தில் கணவர் வாரத்துக்கு உழுதார், மகன் கைப்பேசிக் கடையில் வேலை பார்த்தான், அம்மா அறைகளைப் பார்த்துக்கொண்டார்.

ஊருக்குத் தெற்கே ஒரு வாய்க்கால். செலோகான் மாதாராம். மேற்கே ப்ரோகோ ஆற்றையும் கிழக்கே ஓபாக் ஆற்றையும் இணைத்துச் சுமார் 31 கிலோமீட்டர் ஓடுகிறது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் ஜாவாவைப் பிடித்து வைத்திருந்தபோது வெட்டியது. அப்போது ரோமுஷா என்ற பெயரில் ஆட்களைக் கட்டாய வேலைக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். மலாயாத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மாண்ட அதே சயாம் ரயில் பாதைக்கு ஜாவாக்காரர்களும் போனார்கள். சுல்தான் ஒன்பதாம் ஹமெங்குபுவோனோ, இங்கேயே வாய்க்கால் வெட்டினால் உங்களுக்கு நெல் கூடும் என்று ஜப்பானியரிடம் சொல்லித் தன் ஆட்களை ஊரிலேயே நிறுத்திக்கொண்டார் என்று அங்கே சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். இன்று அந்தக் கரையில் எடைக்கணக்கில் துணி துவைக்கும் கடை, நகலெடுக்கும் கடை, காப்பிக் கடை. 1949இல் தொடங்கிய கஜா மாடா பல்கலைக்கழகத்தை ஒட்டித்தான் தண்ணீர் போகிறது. கடைகளின் பின்பக்கத்தில் மட்டும் இன்னும் மடை திறக்கிறார்கள்.

முற்றத்துக்கு வருவோம். பெகாராங்ஙான் என்பார்கள். வெளியூர்க்காரன் கண்ணுக்குக் காடு மாதிரி இருக்கும். தென்னை, வாழை, பலா, பப்பாளி, மெலிஞ்சோ, மூங்கில், அடியில் இஞ்சியும் மஞ்சளும். முருங்கையும் உண்டு, ஆனால் அதைக் குழம்பில் போடுவது குறைவு. பிணம் குளிப்பாட்டவும் சூனியம் எடுக்கவும் அதிகம் தேடுவார்கள். நான் அதைப் பறித்துச் சாம்பார் வைத்த அன்று வீட்டில் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். மரத்தடி மண்ணை மட்டும் தினமும் காலையில் ஈர்க்குமாறால் கோடு கோடாகப் பெருக்குவார்கள். ஒரு சருகு கிடக்காது.

வேலி இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் மசூதிக்குப் போக நம் முற்றத்தின் குறுக்கேதான் போவார். 'பெர்மிசி' என்று ஒரு சொல் சொல்லி, உடம்பைக் கொஞ்சம் வளைத்துக்கொள்வார். அவ்வளவுதான் அனுமதி. அந்த வழி எந்தக் காகிதத்திலும் கிடையாது. ஆனால் அதை அடைத்தால் ஊரில் உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு ஆள் வராது.

இன்னொன்று சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு வீட்டு முன்சுவரிலும் ஒரு சின்ன டப்பா, பெரும்பாலும் பழைய பிளாஸ்டிக் கிண்ணம், ஆணியில் தொங்கும். இரவு படுக்கப் போகும்முன் அதில் ஒரு சிட்டிகை அரிசி போடவேண்டும். ஜிம்பிதான் என்று பெயர். விரல் நுனியால் கிள்ளி எடுப்பது என்று பொருள். முறைக் காவலுக்கு வரும் ஆண்கள் நள்ளிரவில் டப்பா டப்பாவாக அரிசியைச் சேர்த்துக்கொண்டு போவார்கள். விற்ற பணம் தெருவிளக்குக்கும் பாடை வாங்கவும் ஆகும். இப்போது பல இடங்களில் அரிசிக்குப் பதில் 500 ரூப்பியா நாணயம். காவலுக்குக் காவலும் ஆயிற்று, யார் வீட்டு டப்பா மூன்று நாளாகக் காலி என்ற கணக்கும் ஆயிற்று. காலியாக இருந்தால் அபராதம் இல்லை. யாராவது நலம் விசாரிக்க வந்துவிடுவார்கள், அது அபராதத்தைவிடக் கஷ்டம்.

இனி வயல். அங்கே சாவா என்பார்கள். நான் தங்கிய வீட்டுக்காரர் உழுதது தன் வயல் இல்லை. பாதிக்குப் பாதி வாரம், 'மரோ' என்பார்கள். மூன்றில் ஒரு பங்குதான் உழுகிறவனுக்கு என்றால் 'மெர்தெலு'. நிலத்தை ஒத்திக்கு வைப்பதும் உண்டு. 1960ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, ஒத்தியில் ஏழு ஆண்டு அனுபவித்துவிட்டால் பணம் வாங்காமலே நிலத்தைத் திருப்பித் தரவேண்டும் என்கிறது. இப்படி ஒரு சட்டம் இருப்பதை நான்தான் அவருக்குச் சொன்னேன். சிரித்தார்.

பழைய அறுவடை இன்னும் விசேஷம். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னக் கத்தி, அனி-அனி என்று பெயர். பெண்கள் அதை விரல்களுக்கிடையில் மறைத்துப் பிடித்து ஒவ்வொரு கதிராகக் கிள்ளுவார்கள். அரிவாளைக் கண்டால் நெல் தேவதை டேவி ஸ்ரீ பயந்துவிடுவாள் என்று நம்பிக்கை. அறுக்க வருகிறவரை விரட்ட முடியாது. ஊர்ப் பெண் யார் வந்தாலும் அறுக்கலாம், அறுத்ததில் ஒரு பங்கு அவளுக்கு. பாவோன் என்பது அந்தப் பங்கு. எட்டில் ஒன்று, பத்தில் ஒன்று என்று ஊருக்கு ஊர் மாறும், உறவுக்காரிக்குக் கொஞ்சம் கூடும். நிலம் இல்லாத வீட்டிலும் அதனால் நெல் இருந்தது. 1970களில் குட்டை ரக நெல் வந்தது, அரிவாள் வந்தது, அதோடு 'தெபாசான்' வந்தது: வயலில் நிற்கும்போதே விளைச்சலை வெளியூர் வியாபாரிக்கு விற்றுவிடுவது. அவன் தன் ஆட்களைக் கொண்டுவந்து அறுத்துக்கொண்டு போவான். விரட்டும் சங்கடம் நிலத்துக்காரருக்கு இல்லை, விரட்டுகிறவன் வெளியூர்க்காரன். நகரம் ஓர் அங்குலம்கூட வாங்குவதற்கு முன்பே அந்த வயலில் பல பெண்களுக்கு இருந்த பாத்தியதை போய்விட்டது. எந்தப் பதிவேட்டிலும் அது இருந்ததில்லை, ஆகவே போனதும் பதிவாகவில்லை.

காகிதத்துக்கு வருவோம். கூட்டத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், சுருக்கிச் சொல்கிறேன். 1870இல் டச்சுக்காரர்கள் ஒரு விதி செய்தார்கள்: உரிமைப் பத்திரம் காட்ட முடியாத நிலமெல்லாம் அரசுடையது. யோக்யகர்த்தா சுல்தான் நாடாக இருந்ததால் அங்கே அதே விதி 1918இல் சுல்தான் பெயரில் வந்தது. குடியானவர்களுக்கு அனுபவ உரிமை கிடைத்தது. அங்கே நிலமும் கட்டாய வேலையும் சேர்ந்து சுமந்த முழுக் குடியானவனுக்குக் 'கூலி கெஞ்செங்' என்று பெயர்! நிலம் உள்ளவன் கூலி. நம் காதுக்கு எப்படி இருக்கிறது பாருங்கள். விடுதலைக்குப் பிறகு, 1960 செப்டம்பர் 24இல் விவசாய அடிப்படைச் சட்டம் நிறைவேறியது. டச்சு விதி போயிற்று. நிலத்துக்குச் சமூகக் கடமை உண்டு என்று ஆறாவது பிரிவிலேயே எழுதினார்கள். முழு உரிமைக்கு 'ஹாக் மிலிக்' என்று பெயர், குடிமக்களுக்கு மட்டும்தான். நான் ஆசைப்பட்டாலும் அங்கே ஒரு சாண் வாங்க முடியாது.

சட்டம் வந்தாலும் சான்றிதழ் வரவில்லை. பல தலைமுறையாக மக்கள் கையில் இருந்தது கிராம வரிப் பதிவேட்டின் நகலும் வரி ரசீதும். கிரிக், லெட்டர் சே என்று ஊருக்கு ஒரு பெயர். யார் வரி கட்டினார் என்பதற்குத்தான் அது சாட்சி. 2015இல் நாடு முழுவதும் 12.6 கோடி மனைகள், சான்றிதழ் இருந்தது 4.6 கோடிக்கு. ஆண்டுக்கு ஐந்து லட்சம் வீதம் கொடுத்தால் 160 ஆண்டு ஆகும் என்று அப்போதைய அதிபர் ஜோகோ விடோடோ மேடைக்கு மேடை சொன்னார். 2017இல் ஊர் ஊராக மொத்தமாக அளந்து பதியும் திட்டம் தொடங்கியது. பழைய கிரிக் காகிதங்களுக்கு 2021இல் ஒரு விதி ஐந்து ஆண்டு கெடு வைத்தது.

சான்றிதழ் கைக்கு வந்ததும் அது என்ன ஆகும்? பள்ளிக்கூடம் போகும். சான்றிதழை வங்கியில் அடகு வைப்பதை அங்கே 'பள்ளிக்கு அனுப்புவது' என்பார்கள். "சான்றிதழ் எங்கே?" "படிக்கப் போயிருக்கிறது." வீட்டுக்கார அம்மாவின் சான்றிதழ் ஆறு அறை கட்டப் படிக்கப் போயிருந்தது. அந்த ஆறில் ஒன்றில்தான் நான் இருந்தேன்.

எல்லா நிலமும் இப்படித் தனியார் நிலம் இல்லை. யோக்யகர்த்தாவில் சுல்தான் நிலம் என்றும் பாகு ஆலாம் நிலம் என்றும் இரண்டு அரண்மனைகளுக்குச் சொந்தமானது இன்றும் இருக்கிறது. 2012இல் வந்த தனிச் சிறப்புச் சட்டம் அதை உறுதிப்படுத்தியது. அதில் தலைமுறையாகக் குடியிருப்பவர்களுக்கு மகெர்சாரி என்று பெயர். பிறகு கிராமத்தின் கையில் உள்ள நிலம். ஊர்த் தலைவர், நீர்க் கணக்குப் பார்க்கும் உலு-உலு, காவல் பார்க்கும் ஜாகாபாயா எல்லோருக்கும் சம்பளத்துக்குப் பதில் வயல் ஒதுக்குவது வழக்கம். ஓய்வு பெற்றவருக்கும் 'பெங்ஙாரெம்-ஆரெம்' என்று ஒரு துண்டு. அந்தப் பகுதியில் கிராமத்தை இப்போது 'கலுராஹான்' என்கிறார்கள். நகர வட்டத்துக்குப் பெயர் 'கெலுராஹான்'. ஓர் உயிரெழுத்துதான் வித்தியாசம். முதலாவதில் தலைவரை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், நிலம் ஊர் கையில். இரண்டாவதில் தலைவர் அரசு ஊழியர், நிலம் நகராட்சிக்கு. நகர ஓரத்தில் எந்த ஊரும் பெயர் மாற அவசரப்படாததற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஊர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து வீடு கட்டி விற்றவர்களும் உண்டு. 2023இல் ஸ்லெமானில் இப்படி ஒன்று வழக்காகி, ஊர்த் தலைவரே தண்டனை பெற்றார். வீடு வாங்கியவர்கள் கையில் சாவி இருந்தது, நிலம் இல்லை.

இனிப் பாகப் பிரிவினை. ஜாவாவில் இரண்டு கணக்கு உண்டு. ஒன்று 'தர்ப்பூசணி பிளப்பது': ஆணுக்கும் பெண்ணுக்கும் சமம். இன்னொன்று 'ஒரு காவடி, ஒரு தூளி': ஆண் காவடியில் இரண்டு கூடை சுமப்பான், பெண் துணித் தூளியில் ஒரு கூடை சுமப்பாள், ஆகவே இரண்டுக்கு ஒன்று. இஸ்லாமியக் கணக்கும் அதுதான். எந்தக் கணக்கு என்பதைக் குடும்பம் உட்கார்ந்து பேசி முடிவு செய்யும். கடைசிவரை பெற்றோரைப் பார்த்துக்கொண்டவருக்கு வீடு. பல வீடுகளில் அது கடைசிப் பெண். எங்கள் வீட்டுக்கார அம்மா கடைசிப் பெண். கல்யாணத்துக்குப் பிறகு சம்பாதித்தது கணவன் மனைவி இருவருக்கும் பொது. கோனோ-கினி என்று பழைய சொல், 1974ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்திலும் அதே கொள்கை. விவாகரத்தான பெண் வயலில் பாதி கேட்டால் அங்கே யாரும் மூக்கில் விரல் வைப்பதில்லை.

ஆனால் தர்ப்பூசணியை எத்தனை முறை பிளப்பது? அரை ஹெக்டேருக்குக் குறைவாக வைத்திருப்பவரைக் 'குரேம்' விவசாயி என்பார்கள். குரேம் என்றால் கோழிப்பேன். 2013 கணக்கெடுப்பில் அப்படிப்பட்ட குடும்பங்கள் 1.42 கோடி, 2023இல் 1.68 கோடிக்கு மேல். கோழிப்பேன் அளவு வயலை நாலு பேருக்குப் பிரிப்பதைவிட விற்றுப் பணமாகப் பிரிப்பது சுலபம். தரகர் அப்போதுதான் வருகிறார். டச்சுக்காரர் விட்டுப்போன சொல்லில் அவர் 'மாகெலார்'. அவர் கூறுபோடும் மனை 'காவ்லிங்', அதுவும் டச்சு.

நெல் வயலில் நேராக வீடு கட்ட முடியாது. முதலில் அது வயல் இல்லை என்று அலுவலகத்தில் மாற்றவேண்டும். அந்த அனுமதிக்கு மக்கள் வைத்த பெயர் 'பெங்கெரிங்ஙான்', உலர்த்துதல். வயலில் முழங்கால் தண்ணீர் நிற்கும், காகிதத்தில் அது உலர்ந்துவிடும். விளைநிலத்தைக் காக்க 2009இல் வந்த தனிச் சட்டமே இருக்கிறது. பக்கத்து வயல்கள் ஒவ்வொன்றாக உலர்ந்து, சுவர் எழும்பி, வாய்க்கால் அடைபட்டு, நடுவில் மாட்டிய வயல் நிஜமாகவே உலர்ந்துபோவதைச் சட்டம் எப்படித் தடுக்கும்? வாங்க வருபவர் யார் என்பதிலும் யோக்யகர்த்தாவுக்குத் தனி விதி உண்டு. 1975இல் வந்த ஓர் ஆணையால் சீன வம்சாவளி இந்தோனேசியர்கள் அங்கே ஹாக் மிலிக் பெற முடியாது. வழக்குப் போட்டும் அது அசையவில்லை. ஏழைக் குடியானவனைக் காக்க வந்தது என்கிறார்கள். ஜகார்த்தாவிலிருந்து வரும் பணக்காரரிடமிருந்து அது யாரையும் காக்கவில்லை, வம்சத்தைத்தான் பார்க்கிறது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

பழைய வழக்கமெல்லாம் பொன் என்று நான் சொல்வதாக நினைக்கவேண்டாம். பாவோன் காலத்திலும் நிலம் இல்லாதவர் கையேந்தித்தான் நின்றார். பங்கு தருகிறவர் முகத்தைப் பார்த்து நடக்கவேண்டியிருந்தது. சான்றிதழில் தன் பெயர் இருப்பதால்தான் வீட்டுக்கார அம்மா வங்கி அதிகாரி முன்னால் கால்மேல் கால் போட்டு உட்கார முடிந்தது. அவரே சொன்னார். என் குறை வேறு. ஒரு துண்டு மண்ணில் மரத்துக்காரி, வாரக்காரர், அறுக்க வருபவள், குறுக்கே நடப்பவர் என்று ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். அளக்க வந்தவர் ஒரு பெயர் எழுதத்தான் கட்டம் வைத்திருந்தார். ஒரு பெயர் ஆனதும் நகரத்துக்கு வேலை சுலபம். ஏழு பேரிடம் பேரம் பேசவேண்டியதில்லை.

நான் கிளம்புவதற்குச் சில வாரம் முன்னால் முற்றத்தின் கிணற்றடிப் பாதி விலைபோயிற்று. படிக்கப் போன சான்றிதழை மீட்க. வாங்கியவர் சுற்றுச்சுவர் எழுப்ப ஆள் அனுப்பினார். வந்தவன் தென்னையில் ரம்பத்தை வைத்தபோது அக்கா வந்து நின்றார். தகவல் எப்படிப் போனதோ தெரியாது. "மரம் என்னுடையது" என்றார். மேஸ்திரி கைப்பேசியில் பத்திரத்தின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். அதில் மரம் என்று எங்கும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர், மசூதிக்குக் குறுக்கே நடப்பவர், அவர்தான் அந்தத் தெருவுக்குப் பொறுப்பாளர், பாக் ஆர்டே. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து மரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். "அது அவர்கள் அம்மா கொடுத்தது" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. மேஸ்திரி கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மரத்தை நாலு துண்டாக அறுத்தார்கள். தென்னங்கட்டைக்கு அங்கே நல்ல விலை, உத்தரமாகப் போகும். அக்கா சின்ன லாரி பிடித்து ஏற்றினார். உச்சியிலிருந்த குருத்தை மட்டும் வெட்டி எடுத்துத் தங்கையிடம் கொடுத்தார். வெள்ளை வெளேரென்று, ஒரு கைக்குழந்தை நீளம் இருந்தது. அன்று இரவு தெருவில் பல வீட்டில் குருத்துக் கறி. எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. சுவர் கட்ட வந்த ஆட்களுக்கும் கொடுத்தார்கள்.